பலர் கூடி எழுதும் களஞ்சியத்தில் வழக்குத் தீர்வு

தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை வெளியிட்ட கலைக்களஞ்சியத்தில் முடிவுரைக்கும் பொறுப்பு முதன்மையாசிரியர் பெ. தூரன்பால் இருந்தது. முடிபை யாம் காண்கின்றோம். அதற்கு முன் நிகழ்ந்த வாதத்தைக் காண்பதற்கில்லை. 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவை எவரும் திருத்தலாம். ஆதலின் பூசல் மிகுதி. ஆயினும் உரையாடற் பக்கமும் திருத்த வரலாறும் வாதத்தை அழியாது காக்கின்றன; பொது வழக்குகள் 'ஆலமரத்தடி'க்கு வருகின்றன. இதனைப் பெருஞ்சிறப்பென்றே கருதுகின்றோம்.

எனினும், சான்று காட்டுக என்னும் நெறி எல்லா வழக்கையும் தீர்ப்பதன்று. தேனி மாவட்டத்து மார்க்கையன்கோட்டையை, ஆங்கில எழுத்தை நோக்கி ஒருவர் 'மார்க்கயன்கோட்டை' என மாற்றுவாராயின், பேரூராட்சியின் தமிழ் ஆவணமே அவரை மறுத்துவிடும். பிறமொழிப் பெயர்களுக்குக் கிரந்த எழுத்து வேண்டுமா என்னும் நெடுநாள் வழக்கோ அத்தகையதன்று. ஒருசாரார் வடவெழுத்தை விலக்கும் தொல்காப்பிய எச்சவியலைக் காட்டுவர். மறுசாரார் இன்றைய அச்சு வழக்கைக் காட்டுவர். இரண்டும் சான்றே. இத்தகைய இடங்களில் முடிபு பெரும்பாலும் இணக்கத்தால் வருவதன்று. ஒருவர் சோர்ந்து விலகுதலால் வருவது என்பதே எம் கருத்து. அவர்தம் வாளாமையை உடன்பாடெனக் கொள்ளுதல் பொருந்தாது. எழுத்துநெறியைக் கட்டுரைதோறும் வழக்காடாது, பொதுவில் ஒருமுறை ஆராய்ந்து துணிதல் வேண்டும். விலக்கப்பட்ட வடிவமும் 'வழிமாற்று' என்னும் வாயிலாக நிற்பின், எவ்வெழுத்திற் தேடுவாரும் கட்டுரையை அடைவர்.