மலையகச் செய்திகளும் வாசகர் ஞாபகமும்

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுராபாயாவிலிருந்து ஜித்தா நோக்கிப் புறப்பட்ட டி.சி. 8 ரக விமானமொன்று, இடையில் கட்டுநாயக்காவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்த வேளையில், மஸ்கெலியாப் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. நெதர்லாந்தின் மார்ட்டின்எயார் நிறுவனத்து விமானம் அது. ஹஜ் யாத்திரிகர்கள் 182 பேர், பணியாளர்கள் 9 பேர். ஒருவரும் தப்பவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1978 நவம்பர் 15ஆம் திகதி, இன்னொரு டி.சி. 8 கட்டுநாயக்காவுக்கு அருகே தென்னந்தோட்டத்தில் விழுந்தது. அது ஐஸ்லாந்து நாட்டு நிறுவனமொன்றின் விமானம். அதிலும் இந்தோனேசிய ஹஜ் பயணிகள்தான். 262 பேர் இருந்தார்கள், 183 பேர் இறந்தார்கள்.

இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. முதல் விமானம் ஹஜ்ஜுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது ஹஜ்ஜை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. முஸ்லிம் வாசகனுக்கு இது சின்ன வித்தியாசமல்ல. ஆனால் ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா ஊர்களில் எங்கள் மூத்தவர்களிடம் கேட்டால், பாதிப்பேர் ஏழு கன்னியர் மலையில் விழுந்ததை "ஹஜ்ஜு செஞ்சிட்டு வந்த ப்ளேன்" என்றுதான் சொல்கிறார்கள். சிலர் ஒருபடி மேலே போய், "அதுல கொஞ்சப் பேர் தப்பினாங்களே" என்கிறார்கள். தப்பியவர்கள் கட்டுநாயக்காவில் தப்பியவர்கள். ஞாபகம் அவர்களைக் கொண்டுவந்து மலையில் இறக்கிவிட்டது.

இப்படிக் கலப்பதற்கு வயதை மட்டும் குற்றஞ்சொல்வது சரியாகாது. செய்தி எழுதப்படும் முறையிலேயே இதற்கு வழி இருக்கிறது. நம்முடைய தமிழ்ப் பத்திரிகைத் தலைப்பு பெயர்ச்சொற்களால் ஆனது. இந்தோனேசிய, ஹஜ், யாத்திரிகர், விமானம், விபத்து என்று இரண்டு சம்பவங்களுக்கும் அதே ஐந்து சொற்களைப் போட்டுத் தலைப்பிடலாம். வேறுபாடு முழுவதும் "சென்ற" என்பதிலும் "திரும்பிய" என்பதிலும் இருக்கிறது. இலக்கணத்தில் இதைப் பெயரெச்சம் என்போம். தலைப்பில் இடம் போதாவிட்டால் முதலில் வெட்டுப்படுவது பெயரெச்சம். வாசகர் மனத்திலிருந்து முதலில் உதிர்வதும் அதுவே. தமிழ் படிப்பிக்கிறவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது.

நெதர்லாந்து மொழியியலறிஞர் டொய்ன் வான் டைக், செய்தியின் அமைப்பைப் பற்றி 1988இல் ஒரு நூல் எழுதினார். பத்திரிகை வாசித்தவர்களிடம் பிறகு போய் என்ன ஞாபகம் இருக்கிறது என்று விசாரித்தும் பார்த்தவர் அவர். பெரும்பாலும் நிற்பது செய்தியின் மேற்பொருள் மட்டுமே. எண், பெயர், காரணம், பின்னணி எல்லாம் விரைவில் கழன்றுவிடுகின்றன. கழன்ற இடத்தை வாசகர் தமக்கு முன்பே தெரிந்ததைக்கொண்டு நிரப்பிக்கொள்கிறார். இதற்கும் வெகு முன்பு, 1932இல், கேம்பிரிட்ஜ் பேராசிரியர் பார்ட்லெட் இதையே கதைகளை வைத்துக் காட்டியிருந்தார். வாசித்தவர்கள் கதையைத் திரும்பச் சொல்லும்போது, தமக்குப் பழக்கமில்லாததை விட்டுவிட்டுப் பழக்கமானதைச் சேர்த்துக்கொண்டார்கள்.

காரணம் கழன்றுபோவது பற்றி ஒரு சொல். 1974 விபத்தை ஆராய்ந்தவர்கள், விமானிகள் தாம் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்து, மேலும் தாழ இறங்கலாம் என்று நம்பியதே விபத்துக்கு ஏது என்றார்கள். விமானத்திலிருந்த கருவிகள் அப்படித் தவறாக விளங்கிக்கொள்ள இடம் வைத்திருந்தன என்றும் சொன்னார்கள். இதை நான் கேட்ட மூத்தவர்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. மலைக்குத் தெய்வக் குற்றம் என்பார்கள், மழை என்பார்கள், மூடுபனி என்பார்கள். காரணம் விபத்தன்று தெரிவதில்லை. விசாரணை முடிந்துதான் தெரியவரும். அதற்குள் செய்தி ஆறிவிடும்.

அதே சமயம், பத்திரிகை சொல்லாத ஒன்றைத் தோட்டத்து ஆட்கள் விடாமல் வைத்திருக்கிறார்கள். "ப்ளேன் விழுந்த வருஷம்" என்பது அங்கே ஒரு நாட்காட்டி. "ப்ளேன் விழுந்ததுக்கு அடுத்த மாசம் பொறந்தவன்" என்று வயது சொல்வார்கள். அந்த வருஷத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் விமானத்திலிருந்து ஐந்து நிமிஷத்தில் பஞ்சத்துக்கு வந்துவிடுவார்கள். 1973, 74 ஆண்டுகளில் அரிசியும் மாவும் கிடைக்காமல் தோட்டங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1974இல் தோட்டப்புறங்களில் மரண வீதம் கிடுகிடென்று ஏறியதை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துக்காட்டினார்கள். விமானத்தில் இறந்தவர்களை உலகம் ஒரே இரவில் அறிந்தது. லயத்தில் பட்டினியால் ஒவ்வொருவராக மௌத்தானவர்களுக்கு அப்படியொரு செய்தி வாய்க்கவில்லை.

கால்டுங், ரூகே என்ற நோர்வே ஆய்வாளர்கள் 1965இலேயே இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். பத்திரிகை வெளிவரும் கால இடைவெளிக்குள் தொடங்கி முடியும் சம்பவம் சுலபமாகச் செய்தியாகிறது. மெல்ல மெல்ல நடப்பது ஆவதில்லை. விமானம் விழுவது ஓர் இரவுக் காரியம். பசி இரண்டு வருஷக் காரியம். தோட்டத்து ஞாபகம் இரண்டையும் சேர்த்து முடிந்து வைத்திருக்கிறது. பத்திரிகை பிரித்துவிட்டதை அது பிரிக்கவில்லை என்று நான் இதை வாசிக்கிறேன்.

இன்றைய செய்திகளுக்கு வருவோம். மலையகப் பக்கத்தை நாள்தோறும் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்ப்பு பழக்கமாகியிருக்கும். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண் தொழிலாளர்கள் இத்தனை பேர் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி. லயன் குடியிருப்பில் தீ, இத்தனை வீடுகள் முற்றாகச் சேதம், மின்னொழுக்கே காரணமெனச் சந்தேகம். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர். அந்த விசாரணை எப்போது முடிந்தது, என்ன கண்டது என்று இருபது வருஷமாகப் பத்திரிகை வாசிக்கும் நான் வாசித்ததாக ஞாபகமில்லை. தீப்பிடித்த லயத்து ஆட்கள் பாடசாலை மண்டபத்திலிருந்து எப்போது வீடு திரும்பினார்கள் என்றும் தெரியாது. வாக்கியம் முடிந்ததும் அந்த ஆட்களும் முடிந்துபோனார்கள்.

சாதாரண தர வகுப்பில் ஒருமுறை இப்படியொரு குளவிச் செய்தியை வாசித்துக் காட்டினேன். ஒரு கிழமை கழித்து, ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னேன். இதை ஆய்வு என்று சொல்லமாட்டேன், வகுப்புப் பயிற்சிதான். குளவியை யாரும் மறக்கவில்லை. கொட்டுப்பட்டவர்களின் தொகை பல கொப்பிகளில் கூடியிருந்தது. தோட்டத்தின் பெயரை மாற்றித் தத்தம் தோட்டத்தின் பெயரை எழுதியவர்கள் இருந்தார்கள். எனக்கு ஆச்சரியம் தந்தது வேறு. நான் வாசித்த செய்தியில் பொலிஸ் விசாரணை என்ற வரியே இருக்கவில்லை. ஆனாலும் சிலர் அதை எழுதி முடித்திருந்தார்கள். "செய்தின்னா அப்பிடித்தானே சேர் முடியும்" என்றாள் ஒரு பிள்ளை. வார்ப்பு மனத்தில் பதிந்துவிட்டது, ஆள் பதியவில்லை.

இந்த இடத்தில் நம் ஹதீஸ் கலையிலிருந்து ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. அறிவிப்பாளரை எடைபோடும்போது இமாம்கள் இரண்டைப் பார்த்தார்கள். ஒன்று அதாலத், அதாவது நேர்மை. மற்றது ளப்த், அதாவது கேட்டதைச் சிதையாமல் காத்துவைக்கும் ஆற்றல். நல்ல மனிதர்தான், ஆனால் ஞாபகம் பலவீனம் என்று ஒருவருடைய அறிவிப்பைத் தள்ளி வைப்பதற்கு அவர்கள் தயங்கவில்லை. சொல்லுக்குச் சொல் அறிவிப்பதையும் கருத்தை மட்டும் அறிவிப்பதையும் வேறாக வைத்து வாதித்தார்கள். இன்று ஊடக விமர்சனம் என்ற பெயரில் நாம் பேசுவதெல்லாம் அதாலத்தைப் பற்றி மட்டுமே. எந்தப் பத்திரிகை விலைபோனது, எந்த நிருபர் எந்தக் கட்சி என்பதோடு நின்றுவிடுகிறோம். ளப்தைப் பற்றிப் பேச்சே இல்லை. நேர்மையான நிருபரின் செய்தியும் வாசகரிடம் சிதைந்து சேரலாம். சிதையாமல் சேரும்படி எழுதுவது தனியொரு வேலை.

அந்த வேலை தெரிந்தவர்கள் நம்மிடம் இருந்திருக்கிறார்கள். சித்திலெப்பை 1882இல் கண்டியிலிருந்து முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த ஒறாபி பாஷாவின் வருகை அவருக்கு ஒருநாள் செய்தியாக நிற்கவில்லை. கல்வி பற்றிய தம் இயக்கத்தோடு அதை அவர் இணைத்துக்கொண்டார். மலையகத்தில் கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்து கண்டதை எழுதினார். வெளியார் உள்ளே போக முடியாத காலம் அது. அவரும் மனைவி மீனாட்சியம்மையும் அச்செழுத்தோடு நிற்கவில்லை. எழுத வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்குச் செய்தியைப் பாட்டாக்கிக் கொடுத்தார்கள். மீனாட்சியம்மை கூட்டங்களில் தாமே பாடினார். பாட்டில் பெயரும் இடமும் சந்தத்துக்குள் கட்டுண்டு நிற்கும், எளிதில் கழன்று விழாது.

1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் இறந்த கோவிந்தனின் பெயர் எண்பது வருஷத்துக்குப் பிறகும் சொல்லப்படுகிறது. 1977 மேயில் டெவன் தோட்டத்தில் இறந்த சிவனு லட்சுமணனின் பெயரும் அப்படியே. தொழிற்சங்கங்கள் நினைவுகூர்ந்ததும் ஒரு காரணம், மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டிலும் செய்தியின் தலையில் ஒரு மனிதனின் பெயர் நின்றது. "பெண் தொழிலாளர்கள் எட்டுப் பேர்" என்று எழுதினால் நாளைக்கு யாரை நினைவுகூர்வது?

இதைச் சொன்னபோது, பகுதிநேர நிருபராக இருக்கும் ஆசிரிய நண்பர் ஒருவர் சிரித்தார். "பேர் எல்லாம் எழுதித்தான் அனுப்புறேன். அங்க வெட்டிர்றாங்க, எடமில்லையாம்." கொழும்பில் வெட்டுகிறவர் லயத்தைக் கண்டவரல்லர் என்பது என் ஊகம். நிருபருக்குக் கிடைக்கும் சொற்பக் கொடுப்பனவும் சேர்த்துப் பார்க்கவேண்டியதே. அது தனிக் கட்டுரைக்கு உரியது.

சம்பளச் செய்தியோடு இதை முடிக்கவேண்டும், நம் சமூகத்துக்கு நேரடியாகச் சம்பந்தம் அதில்தான் இருக்கிறது. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்று செய்தி வந்தது. அதில் அடிப்படைச் சம்பளம் 500தான். மிச்சம் வரவுக் கொடுப்பனவு 60, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140, விலைப்பங்கு 30. வரவு குறைந்தால் 60 இல்லை, கொழுந்து நிறை குறைந்தால் 140 இல்லை. 2019இல் அடிப்படை 700 ஆனது. வரவு, உற்பத்தித்திறன் இரண்டும் எடுபட்டு, விலைப்பங்கு 50உடன் மொத்தம் 750. "அடிப்படைச் சம்பளம் 200 ரூபாவால் உயர்வு" என்றும் இதை எழுதலாம், "20 ரூபாவே உயர்வு" என்றும் எழுதலாம். இரண்டும் மெய். தலைப்பிடுகிறவர் எதைத் தெரிந்தெடுத்தாரோ அதுவே ஊரில் நிற்கும். ஆனால் தொழிலாளி மட்டும் தலைப்பை நம்பி இருப்பதில்லை. சம்பளத் துண்டு கையில் இருக்கிறது, அரைப்பேர் போட்ட நாளும் தெரியும்.

2024 மே தினத்தன்று கொட்டகலையில் 1700 ரூபா அறிவிக்கப்பட்டது. அடிப்படை 1350, மேலதிகக் கொடுப்பனவு 350. பிறகு விவகாரம் நீதிமன்றம் போய் இடைக்காலத் தடை வந்தது. செப்டம்பரில் உறுதியானது 1350. மூன்று வேறு நாட்களில் வந்த மூன்று செய்திகள் இவை. முதலாவது போன தூரம் மற்ற இரண்டும் போகவில்லை.

அந்த வருஷக் கடைசியில் எங்கள் நகரத்துக் கடைகளில் நான் காதால் கேட்டது இது. நம்மவர்களின் கடைகள்தான். கடனுக்குச் சாமான் கேட்ட தோட்டத்து அம்மாவிடம், "ஒங்களுக்குத்தான் இப்ப ஆயிரத்து எழுநூறாமே, இன்னும் என்னத்துக்குக் கடன்?" என்றார் முதலாளி. கெட்ட மனுசர் இல்லை, ஐந்து வேளை தொழுகிறவர், பத்திரிகையும் தவறாமல் வாசிக்கிறவர். அவர் படித்தது பொய்யுமல்ல. அந்த அம்மா சேலை முடிச்சிலிருந்து நான்காக மடித்த சம்பளத் துண்டை எடுத்து மேசையில் விரித்தார். "படிச்சுப் பாருங்க முதலாளி, இதுல எங்க இருக்கு எழுநூறு?" முதலாளி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, கழிவுகளையும் கூட்டி, அடிவரைக்கும் வாசித்தார். பிறகு கடன் கொப்பியை எடுத்தார்.