அஞ்ச வேண்டியது யாரை?

சிரிப்பு மூட்டும் படத்தைப் பற்றிச் சிந்திப்பானேன் என்று வினவுவோர் நம்மவருள் பலர் உளர். பார்த்தோம், சிரித்தோம், வீடு திரும்பினோம். அதற்குமேல் ஆராய அதில் என்ன இருக்கிறது என்பது அவர்தம் எண்ணம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு கூட்டத்தார் எதைக் கண்டு சிரிக்கின்றனர், எவரைக் கண்டு சிரிக்கின்றனர் என்பது அவர்தம் உள்ளத்தை நன்கு காட்டிவிடும். துக்க வீட்டில் பொய்யாக அழுவோரைக் கண்டிருக்கிறோம். கொட்டகை இருளில் பொய்யாகச் சிரிப்போர் அரியர். ஆகவே, கொலையும் காதலும் பேயும் நகைப்பும் ஒன்றாய்க் கலந்த ஓர் அமெரிக்கப் படத்தை ஈண்டு ஆராய எடுத்துக்கொண்டோம். அதன் பெயர் 'டாப்பர் ரிட்டர்ன்ஸ்'. 'டாப்பர் திரும்பி வருகிறார்' எனத் தமிழிற் கூறலாம்.

தார்ன் ஸ்மித் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1926இல் 'டாப்பர்' என்றொரு நாவல் எழுதினார். அதனைத் தழுவி 1937இல் ஒரு படமும், அதன் தொடர்ச்சியாக 1938இல் மற்றொரு படமும் வெளிவந்தன. 1941இல் வந்த மூன்றாவது படமே இது. தயாரித்தவர் ஹால் ரோச். இயக்கியவர் ராய் டெல் ரூத். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் சிறிய கறுப்பு வெள்ளைப் படம். அமெரிக்காவில் இதன் உரிமைப் பதிவு புதுப்பிக்கப்படாமையால் 1969இல் அது பொதுச் சொத்தாயிற்று; எனவே இன்று இதைத் தேடிக் காண விரும்புவோர்க்கு அருமையில்லை. முதலிரு படங்களைக் காணாதோர்க்கும் கதை நன்கு விளங்கும். அவர்கள் அறிய வேண்டியது ஒன்றே: காஸ்மோ டாப்பர் என்பவர் பாங்கித் தொழிலில் உள்ள, வம்புதும்புக்குப் போகாத, மனைவிக்கு அஞ்சும் கனவான், அவர்தம் போதாத காலம், பேய்கள் அவரையே தேடி வருகின்றன. ரோலண்ட் யங் என்னும் நடிகர் மூன்று படங்களிலும் இவ்வேடத்தை ஏற்றார். குரலை உயர்த்தாமலும் கையைக் காலை ஆட்டாமலும் அவர் படும் சங்கடமே நகைச்சுவையாகிறது.

கதை இது. ஆன் காரிங்டன் என்னும் இளம்பெண், தான் அறிவு தெரிந்த நாள்தொட்டுக் கண்டிராத தந்தையைக் காணத் தன் தோழி கேய்ல் என்பவளுடன் வருகிறாள். உரிய வயதை அவள் எய்தியவுடன் பெருஞ்சொத்து ஒன்று அவள் கைக்கு வர இருக்கிறது. வரும் வழியிலேயே டாக்சியின் சக்கரத்தை எவனோ மறைந்திருந்து சுடுகிறான். மாளிகைக்குள் புகுந்தால், மேலிருந்து சரவிளக்கு ஆனின் அருகே வீழ்கிறது. அன்றிரவு தோழியர் இருவரும் படுக்கையை மாற்றிக்கொள்ள, முகமூடி அணிந்தவன் ஆன் என்றெண்ணிக் கேய்லைக் குத்திக் கொன்றுவிடுகிறான். இறந்த கேய்ல் தன் உடலைத் தானே நோக்கி வியந்து, பேயுருவில் எழுந்து, அண்டை வீட்டு டாப்பரிடம் சென்று, தன்னைக் கொன்றவனைக் கண்டுபிடித்துத் தருமாறு வற்புறுத்துகிறாள். நள்ளிரவில் ஒரு பெண் வந்து, என்னைக் கொன்றுவிட்டார்கள், வாருங்கள் என்றழைத்தால், அதனை மனைவியிடம் எங்ஙனம் விளக்குவது? அவர்பாடு திண்டாட்டமாகிறது. பிணமோ காணாமற் போகிறது. போலீஸ்காரரோ டாப்பரையே ஐயுறுகிறார்.

பிறர்க்குத் துன்பம் வந்தால் வழக்குத் தொடுப்பது போலத் தன் கொலைக்குத் தானே வழக்காடும் இக் கேய்ல் பாத்திரமே படத்தின் உயிர். ஜோன் பிளாண்டெல் என்னும் நடிகை இதனை ஏற்றுத் துடுக்கும் துணிவுமாக நடித்துள்ளார். தலைவிரி கோலமில்லை, கோரப் பல்லில்லை, சலங்கை ஒலியில்லை. கோழிப் பலி அவள் கேட்கவில்லை. பூசாரிக்குத் தட்சிணை வைக்கச் சொல்லவில்லை. எவர்மீதும் ஏறி ஆடவில்லை. அவள் கேட்பது நீதி ஒன்றே. தன் சாவுக்காக அழுதுகொண்டிராது, உயிருடன் இருக்கும் தோழியைக் காப்பாற்றவே முனைகிறாள்.

இதனை நம்மவர் கதைகளுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். பழையனூர் நீலியின் கதையை அறியாதார் நம்முள் யார்? கணவனாற் கொல்லப்பட்ட பெண் பேயாகிப் பழி தீர்த்தாள் என்பது கதை. ஆயின், நம் மொழியிற் பழமொழியாய் நிலைத்தது யாது? கொன்றவனின் கொடுமையன்று, 'நீலிக் கண்ணீர்' என்னும் சொல்லே நிலைத்தது. கொலையுண்டவளின் கண்ணீரைப் பொய்க் கண்ணீராக்கி வைத்துக்கொண்டோம். லயங்களில் இரவுதோறும் சொல்லப்பட்ட கதைகளும் இவ்வகையினவே. கிணற்றில் விழுந்து மாண்டவள் புளியமரத்தில் நிற்கிறாள், அப்பக்கம் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தனர். அவள் ஏன் கிணற்றில் விழுந்தாள், அவளை விழச் செய்தவன் யார் என்று கேட்டவர் சிலரே. அமெரிக்கர் விளையாட்டாக எடுத்த இப்படமோ அக் கேள்வியை முதற் கேள்வியாக வைக்கிறது. இதனால்தான் இதனைப் பாராட்டுகிறோம்.

பகுத்தறிவு பேசுவோர் பேய்ப் படத்தைப் பாராட்டலாமோ என்று தோழர் சிலர் தடை கூறுவர். கூறட்டும். நரியும் காக்கையும் பேசும் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்; அதனால் எவரும் நரியிடம் வழி கேட்கப் போவதில்லை. கதைக்குள் வரும் பேயும் அத்தகைய கற்பனையே. அக் கற்பனை நம்மை அச்சத்திற்கு அடிமையாக்கிக் காசு பறிக்கிறதா, அல்லது அச்சத்தை நீக்கிச் சிரிக்க வைக்கிறதா என்பதே நாம் பார்க்க வேண்டியது. திரையிலே பொருள்கள் தாமே நகர்வதும், உருவம் தோன்றி மறைவதும் ராய் சீரைட் என்னும் தொழில் வல்லுநரின் கைத்திறன். அவ் வேலைக்காகவும் ஒலிப்பதிவுக்காகவும் இப்படத்தின் பெயர் அமெரிக்கத் திரைக் கழகப் பரிசுக்கு முன்மொழியப்பட்டது. பேயை ஆக்கியவர்க்குப் பெயரும் சம்பளமும் உண்டு என்பதைத் திரையின் தொடக்கத்திலேயே எழுதிக் காட்டிவிடுகின்றனர். நம்மூர்ப் பேயோட்டிகள் இத்துணை நேர்மையுடன் நடந்தால் நாம் அவர்களோடு சண்டையிட வேண்டியதில்லை.

இனிக் கொலையாளி யார்? பழைய படம் ஆதலின் மறைப்பதிற் பயனில்லை. தந்தை என்று சொல்லிக்கொண்டு மாளிகையில் வாழும் பெரியவரே அவன். அவன் தந்தையல்லன், இறந்துபோன உண்மைத் தந்தையின் கூட்டாளி. இறந்தவன் பெயரைத் தான் பூண்டு சொத்தை ஆண்டுகொண்டிருந்தவன், பெண் உரிய வயதடைந்தால் யாவும் கைவிட்டுப் போகுமே என்று அவளைக் கொல்லத் துணிகிறான். கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இவ்விடம் மிகவும் சுவையாயிருந்தது. இரகசியக் கதவுகளும் இருண்ட நிலவறைகளும் முகமூடியும் பார்ப்போரை மருட்டிக்கொண்டிருக்க, கொலைக்குக் காரணமாய் நிற்பவை ஒரு பிறந்த தேதியும் ஒரு சொத்துப் பத்திரமுமே! அப்போலித் தந்தையாக நடித்த எச். பி. வார்னர், 1927இல் வெளிவந்த 'தி கிங் ஆப் கிங்ஸ்' என்னும் புகழ்பெற்ற படத்தில் இயேசு நாதராக நடித்தவர் என்பதையும் நேயர்கள் அறிந்துகொள்ளலாம். நரைத்த தலை, மெலிந்த குரல், தந்தை என்னும் பெயர் ஆகிய மூன்றையும் கண்டு மரியாதை செய்யப் பழகிய நம் கண்ணுக்கு அக்கொடியவன் எளிதில் அகப்படுவதில்லை. முடிவில் அவன் தப்பியோடுங்கால் மோட்டார் விபத்தில் மடிந்து தானும் பேயாகிறான். அங்கே அவனை எதிர்கொள்பவள் அவன் கொன்ற பெண்ணே.

இதுவரை நிறை கூறினோம். குறை கூறாது விடுவது முறையன்று, அக்குறை சிறிதுமன்று.

டாப்பரின் மோட்டார் ஓட்டியாக வருபவர் எடி ஆண்டர்சன் என்னும் கறுப்பு நடிகர். 1937 முதல் ஜாக் பென்னியின் வானொலி நிகழ்ச்சியில் 'ராச்செஸ்டர்' என்னும் பணியாளாக வந்து, எஜமானரின் கருமித்தனத்தை அவர் முன்னிலையிலேயே கேலி செய்து, நாடெங்கும் புகழ் பெற்றவர். அத்தகைய நாவன்மை படைத்தவரை இப்படத்தில் என்ன செய்தனர்? கண்ணை உருட்டி நடுங்கச் செய்தனர். மறைகதவின் வழியே நீரில் விழச் செய்து, அங்கே கடல்நாய் ஒன்றுடன் போராட விட்டனர். அதனையும் ஒரு முறையுடன் விடாது மீண்டும் செய்தனர். டாப்பர் வீட்டு வேலைக்காரியாக வரும் பாட்சி கெல்லிக்கும் பாதி வேலை அலறுவதே. ஆக, மாளிகையில் அச்சம் பங்கிடப்படுங்கால் எஜமானர்க்குச் சங்கடமும் குழப்பமும் கிடைக்கின்றன. நடுக்கமும் ஓட்டமும் பணியாளர் பங்கிற்கு வருகின்றன. இது இப்படத்தின் குற்றம் மட்டுமன்று. 1940இல் வந்த 'தி கோஸ்ட் பிரேக்கர்ஸ்' என்னும் படத்திலும் பாப் ஹோப்பின் பணியாளாக வந்த வில்லி பெஸ்ட் என்னும் கறுப்பு நடிகருக்குக் கிடைத்தது இவ்வேலையே. அக்காலத்து ஹாலிவுட்டில் இஃது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டிருந்தது.

நம் இனத்தார்க்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மாளிகையில் முறைத்துப் பார்த்துக்கொண்டு திரியும் ஒரு வேலைக்காரனுக்கு இட்ட பெயர் 'ராமா'! நடித்தவரோ டிரெவர் பார்டெட் என்னும் வெள்ளை அமெரிக்கர். ஒரு கீழ்நாட்டுப் பெயரைச் சூட்டி மூலையில் நிறுத்திவிட்டால், பார்ப்போர் ஐயம் தானே அவன்மேற் பாயும் என்பது படமெடுத்தோர் கணக்கு. கறுப்பன் அஞ்சுவான், கீழ்நாட்டான் வஞ்சிப்பான் என்று முன்னரே எழுதிவைத்துவிட்டனர். ஆயினும் கதை முடியுங்கால் அவர்கள் கணக்கு அவர்களையே பொய்யாக்குகிறது. வஞ்சித்தவன் மாளிகைத் தலைவனாய் வீற்றிருந்த வெள்ளைக் கனவானே அன்றோ!

மேலும் ஒன்று கூறுவோம். அந்த மோட்டார் ஓட்டி, இவ்வீட்டில் இனி இரேன், பழைய எஜமானரான பென்னியிடமே போய்விடுவேன் என்கிறான். கொட்டகை அதனைக் கேட்டுச் சிரிக்கிறது. நாமும் சிரித்தோம். சிரித்தபின் எண்ணிப் பார்த்தால், கொலை நடந்து, பிணம் மறைந்து, கொலைஞன் இன்னும் உள்ளே திரியும் வீட்டை விட்டு நீங்க வேண்டுமென்று சொன்னவன் அவன் ஒருவனே. அச்சம் என்று கேலி செய்யப்பட்டது உண்மையில் அறிவு. அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமை பேதைமை என்று நம் வள்ளுவர் சொல்லிய கருத்தும் இதுவே. படமெடுத்தோர் இதை நினைத்து எழுதியிருக்கமாட்டார். ஆண்டர்சன் தம் நடிப்பினால் அதைக் காட்டிவிட்டார். அவர் சொற்களை உதிர்க்கும் நிதானத்தைக் கவனியுங்கள். நடுங்குபவன் பேசும் முறையன்று அது.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்து மக்கள் மூடநம்பிக்கையுடையோர் என்று பங்களாக்களிற் பேசி நகைத்த காலத்தை நம் முன்னோர் கண்டனர். ஆங்கிலப் பள்ளியிற் படித்து வந்த நம்மவர் சிலரும் அந்நகைப்பிற் கலந்துகொண்டனர். லயத்துக்காரன் பேய்க்கு அஞ்சினான் என்பது மெய்யே. ஆனால் அவன் அஞ்ச வேண்டிய பொருள்கள் வேறு பல இருந்தன: காய்ச்சல் இருந்தது, கடன் இருந்தது, பெரட்டில் பெயர் விடுபட்டாற் போகும் கூலி இருந்தது. அவற்றைப் போக்க முயலாது, பேய்ப் பயத்தை மட்டும் சுட்டிக்காட்டிச் சிரிப்பது சீர்திருத்தம் ஆகாது. பேயை நம்பாதே என்று சொல்லும் நாம், நம்பியவனை இழிவு செய்யாதே என்றும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

காதலைப் பற்றியும் ஒரு சொல். சொத்துக்குரிய ஆனும் (கரோல் லாண்டிஸ்), டாக்சி ஓட்டும் பாப் என்னும் இளைஞனும் (டென்னிஸ் ஓகீப்) ஒருவரையொருவர் விரும்புகின்றனர். அவன் தொழில் யாது, குலம் யாது, கையிருப்பு யாது என்று படத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அதற்காக எவரும் பிரசங்கம் செய்வதுமில்லை, இயல்பாகவே விட்டுவிட்டனர். இவ்வியல்பு நமக்குப் பிடித்திருந்தது. ஆயின் காதற் காட்சிகள் மெலிந்தவை; கேய்ல் திரையில் இல்லாதபோது கதை தளர்ந்துவிடுகிறது. நிலவறையில் ஓடுவதும் மீண்டும் ஓடுவதும் நடுப்பகுதியில் அலுப்புத் தருகின்றன. டாப்பரின் மனைவியாக வரும் பில்லி பர்க்கின் பேதைப் பேச்சு முதலில் இனித்துப் பின்னர்ச் சலிக்கிறது.

எனினும், இப்படத்தைக் குடும்பத்துடன் காணலாம் என்பதே நம் முடிபு. பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். பேய் வரும் இடங்களில் அவர்கள் அஞ்சமாட்டார்கள், சிரிப்பார்கள். அந்த மோட்டார் ஓட்டி நீரில் விழும் இடத்திலும் சிரிப்பார்கள். அப்போது ஒரு நொடி படத்தை நிறுத்தி, எல்லாரும் இருக்க இவனை மட்டும் ஏன் மீண்டும் விழச் செய்கின்றனர் என்று அவர்களைக் கேளுங்கள். அவர்கள் என்ன விடை கூறுகின்றனர் என்பதைப் பொறுமையாகக் கேட்ட பின்னரே படத்தை மேலே ஓடவிடுங்கள்.