முனாஃபஸா: போட்டியில் பிறக்கும் நேசம்

அரபு மொழியில் 'நஃப்ஸ்' என்ற சொல் ஆன்மாவையும் 'தான்' என்னும் தன்னிலையையும் குறிக்கும். அதே மூன்று எழுத்துகளிலிருந்து பிறந்ததுதான் 'முனாஃபஸா' என்ற சொல்லும். போட்டி என்பது அதன் பொருள். மூச்சைக் குறிக்கும் 'நஃபஸ்', விலைமதிப்புள்ளதைக் குறிக்கும் 'நஃபீஸ்' ஆகியனவும் இந்த வேரின் கிளைகளே. தமிழில் 'தான்' என்பதற்கும் 'போட்டி' என்பதற்கும் சொல்லளவில் உறவு ஏதுமில்லை. அரபியிலோ ஒன்றின் மடியில் மற்றொன்று கிடக்கிறது. எதிராளிகளாகச் சந்திக்கும் இருவர் ஒருவரால் ஒருவர் தம்மை அறிந்துகொண்டு, இறுதியில் வாழ்க்கைத் துணைவராகும் கதைகளை வாசிக்கும்போதெல்லாம் இந்தச் சொல்லுறவு என் நினைவுக்கு வருவதுண்டு.

இவ்வகைக் கதை நமக்குப் புதியதன்று. 'மோதலில் தொடங்கிக் காதலில் முடிந்தது' என்று நம் மக்கள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுவார்கள். மாத நாவல்களும் திரைப்படங்களும் அதைத் தேய்ந்த நாணயமாக்கிவிட்டன. எனினும் அண்மைக் காலத்தில் ஒரு முஸ்லிம் பெண் எழுத்தாளரின் கையில் அந்நாணயம் மீண்டும் உலையில் இடப்பட்டுப் புதிதாக வார்க்கப்பட்டிருக்கிறது. கனடாவைச் சேர்ந்த உஸ்மா ஜலாலுத்தீன் 2021இல் வெளியிட்ட 'ஹனா கான் கேரீஸ் ஆன்' என்ற ஆங்கில நாவலையே குறிப்பிடுகிறேன். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய இவருடைய முதல் நாவல் 'ஆயிஷா அட் லாஸ்ட்' 2018இல் வெளிவந்தது. ஜேன் ஆஸ்டினின் புகழ்பெற்ற கதையை டொரண்டோவின் பள்ளிவாசல் சூழலுக்குக் கொண்டுவந்து, தாடியும் தொப்பியுமாக வரும் ஓர் இளைஞனைக் கதாநாயகனாக நிறுத்திய துணிவு அதில் இருந்தது. ஆயினும் நம் பொருளுக்கு உரியது இரண்டாவது நாவலே.

இருபத்து நான்கு வயதான ஹனாவின் தாயார் டொரண்டோவின் கிழக்குப் பகுதியில் 'த்ரீ சிஸ்டர்ஸ் பிரியாணி பூட்டீன்' என்ற உணவகத்தை நடத்தி வருகிறார். (பூட்டீன் என்பது வறுத்த உருளைக்கிழங்கின்மீது பாலாடைக்கட்டித் துண்டுகளை இட்டுக் குழம்பு ஊற்றித் தரும் கனடிய உணவு. பிரியாணியையும் அதையும் ஒரே பலகையில் எழுதிய துணிச்சலிலேயே குடிபெயர்ந்தோர் வாழ்வின் பாதிக் கதை அடங்கிவிடுகிறது.) தந்தை விபத்தில் அடிபட்டவர், வியாபாரமோ தளர்ந்து கிடக்கிறது. இந்நிலையில் அய்தீன் ஷா என்ற செல்வந்தர் வீட்டு இளைஞன் அதே பகுதியில் நவீனமான மற்றொரு ஹலால் உணவகத்தைத் திறக்க வருகிறான். ஹனாவுக்கு வேறொரு வாழ்க்கையும் உண்டு. வானொலி நிலையம் ஒன்றில் பயிற்சி பெறும் அவள், தன் பெயரை மறைத்து இணையத்தில் ஒலிபரப்பும் செய்கிறாள். அதைக் கேட்கும் முகமறியா நேயர் ஒருவருடன் எழுத்து வழியே நட்பும் வளர்கிறது. அந்த நேயர் யார் என்பதை வாசகர் விரைவிலேயே ஊகித்துவிடுவார், ஹனாவுக்குத்தான் நாளாகிறது.

இந்த அமைப்பு இரவல் பெற்றது. ஹங்கேரிய நாடகாசிரியர் மிக்லோஷ் லாஸ்லோ 1937இல் எழுதிய நாடகம், 1940இலும் 1998இலும் ஹாலிவுட் படங்களாகி உலகெங்கும் பரவியது. முகம் காணாமல் கடிதத்தால் நேசிப்பதும் நேரில் கண்டால் சண்டையிடுவதுமான இந்த விளையாட்டு, அகத்தியனின் 'காதல் கோட்டை' (1996) பார்த்த தமிழருக்கு முற்றிலும் அந்நியமாகாது. இரவலைக் குற்றமாகக் கருத வேண்டியதில்லை. லைலா மஜ்னூன் கதையை இரவல் வாங்காத முஸ்லிம் மொழி எது? இரவல் வாங்கியவர் அதில் எதைச் சேர்த்தார் என்பதே கேள்வி.

உஸ்மா சேர்த்தவற்றுள் சிறந்தது, ஹனா சூடிக்கொள்ளும் புனைபெயர். இணையத்தில் அவள் 'அனா'. ஹனாவிலிருந்து ஓர் எழுத்தை உதிர்த்தால் கிடைக்கும் பெயர் இது. அரபியில் அதற்கு 'நான்' என்று பொருள். பெயரை மறைக்கப் போனவள் 'நான்' என்றே பெயரிட்டுக்கொள்கிறாள். ஆசிரியர் இதை அறிந்து செய்தாரா என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். பகலில் மகளாக, தங்கையாக, உணவு பரிமாறுபவளாக, வானொலி நிலையத்தில் 'முஸ்லிம்களின் பிரதிநிதி'யாக இருக்க வேண்டியவளுக்கு, 'நான்' என்று சொல்லிக்கொள்ளக் கிடைத்த ஒரே இடம் யாரும் தன்னை அறியாத இடமாக இருக்கிறது. வானொலி நிலையத்தார் அவளிடம் எதிர்பார்ப்பது, முஸ்லிம்களைப் பற்றி வெளியார் ஏற்கெனவே நம்பிக்கொண்டிருப்பதை மீண்டும் ஒருமுறை சொல்லும் நிகழ்ச்சி. தன் சமூகத்தை விற்று மேலேறுவதா, வாயை மூடிக்கொண்டு கீழேயே இருப்பதா என்ற இக்கட்டில் அவள் நிற்கும் பக்கங்கள், காதல் பக்கங்களைவிட வலுவானவை. வெறுப்புத் தாக்குதல் ஒன்றையும் ஆசிரியர் கதைக்குள் கொண்டு வருகிறார். அதன் பிறகு நாவலின் சிரிப்பில் ஒரு நடுக்கம் கலந்துவிடுகிறது. அந்த நடுக்கம் பொய்யாகத் தோன்றவில்லை.

நான் அதிகம் நின்று யோசித்தது வேறோர் இடத்தில். தன் குடும்ப உணவகத்தைக் காக்கும் பதற்றத்தில் ஹனா நேர்மையான வழிகளோடு நின்றுவிடுவதில்லை. போட்டியாளருக்கு எதிராக இணையத்தில் ஐயங்களைக் கிளப்பவும் துணிகிறாள். ஹலால் உணவு வியாபாரத்தில் ஐயம் என்பது எத்தகைய ஆயுதம் என்று நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'அங்கே அறுப்பு சரியில்லையாம்' என்று ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது ஒருவர் காதில் சொன்னால் போதும். மறு ஜும்ஆவுக்குள் கடை வெறிச்சோடிவிடும். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயமான 'அல்முதஃப்பிஃபீன்' அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்துத் தொடங்குகிறது. அதே அத்தியாயத்தின் 26ஆம் வசனம், சுவனத்தின் இன்பத்திற்காகப் போட்டியிடுவோர் போட்டியிடட்டும் என்னும் கருத்தில், முனாஃபஸாவின் வேரிலிருந்தே சொல்லெடுத்துப் பேசுகிறது. தராசில் தொடங்கிய பேச்சு போட்டிக்கு வந்து சேர்வது தற்செயலன்று. போட்டி விலக்கப்பட்டதன்று; தட்டைச் சாய்ப்பதே விலக்கப்பட்டது.

ஹனா தட்டைச் சாய்த்தவள். 'எதிராளியால் தன்னைக் கண்டுகொள்ளுதல்' என்பது இங்கேதான் பொருள் பெறுகிறது. இத்தகைய கதைகள் பெரும்பாலும் 'தன்னைக் கண்டுகொள்ளுதல்' என்பதை மறைந்திருந்த திறமையைக் கண்டுகொள்ளுதல் என்று மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. உஸ்மாவின் கதாநாயகி தனக்குள் மறைந்திருந்த சிறுமையையும் கண்டுகொள்கிறாள். நஃப்ஸைப் பற்றி சூஃபிகள் எழுதிவைத்ததை வாசித்தவர்களுக்கு, தீமையைத் தூண்டும் நஃப்ஸிலிருந்து தன்னையே பழித்துக்கொள்ளும் நஃப்ஸுக்கு ஏறும் படி இதுவென்று தோன்றும். ஒரு பொழுதுபோக்கு நாவலுக்கு இது பெரிய வார்த்தை என்று நண்பர்கள் கூறக்கூடும். கூறட்டும்.

தமிழில் இவ்வகைக் கதையின் உச்சம் 'தில்லானா மோகனாம்பாள்' என்பதில் கருத்து வேறுபாடு இராது. கொத்தமங்கலம் சுப்பு 1950களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதியது, ஏ.பி. நாகராஜன் 1968இல் படமாக்கியது. நாதஸ்வர வித்துவான் சிக்கல் சண்முகசுந்தரத்துக்கும் நாட்டியக் கலைஞர் மோகனாவுக்கும் இடையே எழும் போட்டியே அதன் உயிர். எதிராளியின் திறனை அரங்கில் எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டு, அவன் தன் வாயாலேயே 'தில்லானா' என்ற பட்டத்தை அவளுக்குச் சூட்டும் இடம் அருமையானது. அவளுடைய பெயர் எதிராளி தந்த பெயர். ஆனால் அதற்குப் பிந்திய பகுதியைக் கவனியுங்கள். கலையில் அவளைச் சமமாக ஏற்றவன், ஒழுக்கத்தில் அவளை ஓயாமல் ஐயுறுகிறான். அவள் மீண்டும் மீண்டும் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. அவன் ஒருமுறைகூட நிரூபிக்க வேண்டியதில்லை. போட்டி முடிந்தவுடன் சமத்துவமும் முடிந்துபோகிறது. சுப்புவின் குறை என்று இதை ஒதுக்கிவிட முடியாது; அக்காலத் தமிழ் வாழ்வின் குறையும் அதுவே.

பதினோராம் நூற்றாண்டுக் குர்துபாவில் கதை வேறு விதமாக முடிந்தது. கலீஃபா முஸ்தக்ஃபீயின் மகள் வல்லாதா தன் இல்லத்தில் இலக்கிய அவை நடத்தியவர். கவிஞர் இப்னு ஸைதூன் அங்கே வந்தவர். இருவரும் கவிதையாலேயே நேசித்தனர்; பிரிந்தபின் கவிதையாலேயே சாடிக்கொண்டனர். வல்லாதாவின் அங்கதம் கூர்மையானது. இப்னு ஸைதூன் பிரிவில் எழுதிய 'நூனிய்யா' அந்தலூஸின் தலைசிறந்த கவிதைகளுள் ஒன்றாக இன்றும் கற்பிக்கப்படுகிறது. அவர்கள் ஒருவரையொருவர் இழந்தனர். அரபுக் கவிதை பெற்றது.

நம் ஃபிக்ஹு நூல்கள் திருமணத்தில் 'கஃபாஆ'வைப் பேசுகின்றன. நம் வீடுகளில் 'குஃபு' என்பார்கள். வமிசம், செல்வம், தொழில், மார்க்கப் பற்று ஆகியவற்றில் மணமகன் மணமகளுக்கு நிகராக இருக்க வேண்டும் என்பது ஹனஃபீ அறிஞர்களின் விளக்கம். இமாம் மாலிக் மார்க்கப் பற்றையே முதன்மையாகக் கொண்டார். நிகர் கேட்கப்படுவது ஆணிடம் என்பது நோக்கத்தக்கது. நடைமுறையில் நாம் இதைத் தலைகீழாக்கி, பெண் வீட்டாரின் பணப்பெட்டியில் நிகர் தேடிக்கொண்டிருக்கிறோம். எதிராளிகளின் காதல்கதை, அதன் எளிய வடிவில், குஃபுவைப் பற்றிய கதைதான். சமமானவரோடுதான் போட்டியிட முடியும். ஒருவனோடு போட்டியிட்டு முடித்த பெண்ணிடம் 'அவன் உனக்கு நிகரா' என்று எவரும் கேட்க வேண்டியிராது. அபூதாவூதில் இடம்பெறும் ஓர் அறிவிப்பு இங்கு நினைவுகூரத்தக்கது. நபி (ஸல்) அவர்களும் ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப்பந்தயம் வைத்துக்கொள்கிறார்கள். முதலில் ஆயிஷா (ரலி) முந்துகிறார்கள். பின்னொரு நாள் நபியவர்கள் முந்தி, அன்றைக்கு இது ஈடு என்ற பொருள்பட நகைச்சுவையாகச் சொல்கிறார்கள். தோற்றதை நினைவில் வைத்திருந்து மகிழ்ந்த தலைவரின் இல்லறம் அது.

இவற்றையெல்லாம் ஏட்டுப் பேச்சு என்று தள்ளிவிட முடியாத இடத்தில் நாம் வாழ்கிறோம். திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரையிலான தொழிற்சாலைச் சாலையில், சேரப்பணஞ்சேரி போன்ற ஊர்களின் பக்கம், ஷிஃப்ட் மாறும் வேளையில் கம்பெனிப் பேருந்துகளைப் பார்த்தால் போதும். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட மகளிர் தங்கும் வளாகத்தில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ஒரே பணி உயர்வுக்கு ஓர் இளைஞனும் ஒரு யுவதியும் போட்டியிடுவது அவர்களுடைய பாட்டிமார் கனவிலும் கண்டிராத நிலை. அந்தப் பேருந்துகளின் சன்னலோரத்தில் கைப்பேசித் திரையில் வாசிக்கப்படும் தொடர்கதைகளில் முறைத்துக்கொள்ளும் நாயகனும் நாயகியும் வராத கதை குறைவு. பெரும்பாலானவற்றில் நாயகன் முதலாளி, நாயகி ஊழியர். அதைப் போட்டி என்று எப்படிச் சொல்வது? ஒருவர் கையில் மற்றவரின் சம்பளச் சீட்டு இருக்கும்போது அங்கே முனாஃபஸா இல்லை, பணிவு மட்டுமே உண்டு.

நம் எழுத்தாளர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. 1885இல் சித்தி லெப்பை 'அஸன்பேயுடைய கதை'யில் சாகசத்தையும் காதலையும் எழுதிக் காட்டினார். பின்வந்தோர், சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) வரை, அடைக்கப்பட்ட கதவுகளை எழுதினார்கள். அது தேவையான எழுத்து, ஐயமில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து ஓர் ஆணுக்கு எதிரே கடை விரித்து நிற்கும் பெண்ணை நம் தமிழ்ப் புனைகதை இன்னும் சரியாகக் காணவில்லை.

இனி உஸ்மாவின் குறை. 'ஹலால் காதல்' என்ற முத்திரையோடு இந்நாவலைப் பரிந்துரைப்பவர்கள் முகமறியா உரையாடலில் உள்ள சிக்கலைக் கடந்துபோய்விடுகிறார்கள். சுவருக்குப் பின்னால் இருந்தாலும் தனிமை தனிமைதான். ஆசிரியரும் அதை ஒரு கேள்வியாக எழுப்பியிருக்கலாம். அதைவிடப் பெரிய குறை இலக்கியத்தைச் சார்ந்தது. நாவல் முழுவதும் ஹனாவின் குரலிலேயே நடக்கிறது. அவள் எதை இழந்தாள், எதைக் கற்றாள் என்பதை நுணுக்கமாக அறிகிறோம். அய்தீன் செல்வந்தத் தந்தையின் நிழலிலிருந்து வெளிவரப் போராடுகிறவன் என்று சொல்லப்படுகிறது, காட்டப்படுவது குறைவு. அவன் தன்னை எங்கே கண்டுகொண்டான்? ஹனாவின் எந்தச் சொல் அவனை உறங்கவிடாமல் செய்தது? 'முனாஃபஸா' என்பது 'முஃபாஅலா' என்ற வாய்பாட்டில் அமைந்த சொல். செயலில் இருவரும் பங்குகொள்வதைக் குறிக்கும் வாய்பாடு அது. முதலாண்டு மாணவரும் அறிந்த இந்த இலக்கணத்தின்படி பார்த்தால், இந்நாவலில் அய்தீனின் பகுதி இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது.