சமயம் துறந்தார் இறைவனைத் துறந்தாரோ?

உருசிய நாட்டுப் பெருநூலாசிரியராகிய டால்ஸ்டாய் இயற்றிய 'ஒப்புதல்' என்னும் சிறு நூல், 1882-இல் அந்நாட்டுத் தணிக்கையாளரால் தடுக்கப்பெற்று, 1884-இல் ஜெனீவா நகரில் வெளிவந்தது. பிறந்த சமயத்தினின்று அறிஞர் ஒருவர் நீங்கிய வரலாறு இதன்கண் உளதாகலின், சைவ நன்மக்களும் இதனை ஆராய்தல் தகும்.

பொருளும் புகழும் மக்கட்பேறும் நிரம்பியிருந்தும், "இவையெல்லாம் எற்றுக்கு?" என்னும் வினா எழுந்து அவரை வருத்திற்று. கிணற்றுள் தொங்குவான் ஒருவன் தேன்துளியை நக்கி இன்புற்ற கீழ்நாட்டுக் கதையைத் தம் நிலைக்கு உவமையாக்குகின்றார். அது மகாபாரதத்து ஸ்திரீ பருவத்தும் நம் சூளாமணியினும் உளது. கல்லாத உழவரது நம்பிக்கை கண்டு தேறிய அவர், திருக்கோயில் புகுந்து நோன்பும் வழிபாடும் மேற்கொண்டார். ஆயின் அப்பத்தை மெய்யாகவே ஊனென்று வாயாற் சொல்லுமாறு பணித்தபோது நெஞ்சம் நொந்தார். பிற சபையாரை இகழ்தலும் போரை வாழ்த்துதலும் கண்டு முற்றும் நீங்கினார். 1901-இல் அந்நாட்டுத் திருச்சபை அவரை விலக்கிற்று. அவரோ கடவுளை நம்புவதாகவே விடையிறுத்தார்.

நெஞ்சறியாததை வாய் கூறலாகாது என்ற அவரது வாய்மை போற்றற்பாலது. சமண் சமயத்துத் தருமசேனராய் விளங்கி அதனை விட்டுப் போந்த அப்பரடிகளைத் தலைமேற் கொள்ளும் நாம், ஒருவர் தம் கூட்டத்தை விட்டு நீங்கியமை ஒன்றையே குற்றமென்னல் இயலாது.

எனினும், ஆசிரியர் முடிபு ஒன்று நமக்கு உடன்பாடன்று. பொருள் விளங்காத கிரியையெல்லாம் பொய்யென அவர் தள்ளினார். சரியை முதலியன ஞானத்திற்குப் படிகளென்பதே சித்தாந்தம். அத்தவத்தால் பக்குவமெய்திய உயிர்க்கே இறைவன் குருவடிவாய் வந்து உணர்த்துவன் என்பது சிவஞானபோதத்து எட்டாஞ் சூத்திரம். ஏணியிற் சில படிகள் பழுதுற்றன என்று ஏணியையே எறிந்தார் மேலேறுமாறு யாங்ஙனம்?

ஆயினும், பழுது பார்க்கும் கடன் யாருடையது? இளைஞன் ஒருவன் பூசையின் பொருள் வினவியவழி, "வாய் மூடுக" என்று அடக்கிய ஆசிரியருள் யானும் ஒருவன். அவர்களுட் பலர் பின்னர்த் திருமுறையைத் திறந்தாரல்லர். திலகவதியார் தம்பியாரை வாதித்து மீட்டிலர், திருவலகும் மெழுக்கும் செய்து இறைவன்பால் விண்ணப்பித்துக் காத்திருந்தனர், வந்தவர்க்கு நீறளித்தனர். நீங்கினாரை வைதலினும், அவர் மீளுங்கால் வாயிலைத் திறந்து வைத்தலும், வினவினார்க்கு விடை கூறலுமே நம் கடனென்க.

திருச்சிற்றம்பலம்.