சிங்கப்பூர்க் கணக்கும் செட்டிநாட்டு நிலைப்படியும்

வயதானவர்களுக்கு எலும்பு முறியும் வாய்ப்பை முன்கூட்டிக் கணிக்க மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கருவி ஃப்ராக்ஸ். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் குழுவினர் உருவாக்கி 2008இல் வெளியிட்டார்கள். வயது, எடை, உயரம், முன்பு ஏற்பட்ட முறிவு, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு, முடக்குவாதம் என்று கேட்டு, அடுத்த 10 ஆண்டுக்கான ஆபத்தைச் சதவீதமாகச் சொல்லும்.

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்சா ஸ்கேன் இல்லாமலே இந்தக் கணக்கைப் போடலாம். அந்த இயந்திரத்துக்காக மதுரைவரை அலைய முடியாத முதியவர்களுக்கு இது பெரிய உதவி. ஸ்கேன் எடுத்தாலும், அது தரும் அடர்த்தி மதிப்பெண்ணான டி-ஸ்கோர் மைனஸ் 2.5க்குக் கீழே போனவர்களை மட்டும் கவனித்தால் போதாது. எலும்பு முறிகிறவர்களில் பலர் அந்தக் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறார்கள். வயதையும் பழைய முறிவையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது ஃப்ராக்ஸின் உண்மையான சாதனை.

ஆனால் இந்தியாவுக்கான ஃப்ராக்ஸ், சிங்கப்பூரில் வாழும் இந்தியர்களின் இடுப்பு முறிவு விகிதத்தை அடிப்படையாகக் கொண்டது. செட்டிநாட்டு நகரத்தார் தலைமுறை தலைமுறையாகப் போய்வந்த ஊர்தான் சிங்கப்பூர். ஆனாலும் அங்கே லிஃப்ட் உள்ள அடுக்குமாடியில் வாழ்பவரின் எலும்பும், கண்டனூரில் தனியாக இருக்கும் ஆச்சியின் எலும்பும் ஒரே வாழ்க்கையைத் தாங்கியவை அல்ல. ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் நடந்த ஆய்வு, 50 வயதைத் தாண்டிய பெண்களில் லட்சத்துக்கு 159 பேருக்கு ஓராண்டில் இடுப்பு முறிந்ததாகக் காட்டியது. அப்படியொரு கணக்கு நம் மாவட்டங்களிலும் எடுக்கப்பட வேண்டும்.

கேள்விகளும் இங்கே தடுமாறுகின்றன. “உங்க அம்மாவுக்கு இடுப்பு முறிஞ்சதா?” என்று கேட்டால், “விழுந்தாக, படுத்தாக, அப்புறம் எந்திரிக்கலை” என்றுதான் பதில் வரும். எக்ஸ்ரே எடுக்காத காலத்து முறிவு அது. பெரும்பாலும் ‘இல்லை’ என்றே பதிவாகிவிடும். புகைக்கிறீர்களா என்று கேட்கும் கருவி, வெற்றிலையோடு மெல்லும் புகையிலையைக் கேட்பதில்லை. மூட்டுவலிக்குக் கடையில் பொட்டலமாக வாங்கும் மாத்திரையில் ஸ்டீராய்டு இருந்தால், அது சாப்பிடுகிறவருக்கே தெரியாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அடிப்படை ஃப்ராக்ஸ் விழுதலைப் பற்றிக் கேட்காதது. இடுப்பு முறிவில் பெரும்பாலானவை விழுவதால் வருபவை. ஆஸ்திரேலியாவின் கார்வன் கணிப்பான் கடந்த ஓராண்டில் எத்தனை முறை விழுந்தீர்கள் என்று கேட்கிறது. பின்னால் வந்த ஃப்ராக்ஸ்பிளஸும் அதைச் சேர்த்துக்கொண்டது. செட்டிநாட்டு வீட்டில் இது இன்னும் முக்கியம். ஒவ்வொரு கட்டுக்கும் கால் தூக்கித் தாண்ட வேண்டிய நிலைப்படி, மழைநீர் நிற்கும் வளவு, நனைந்தால் வழுக்கும் ஆத்தங்குடித் தரை, இரவில் பின்கட்டுவரை நடக்க வேண்டிய கழிப்பறை. பிள்ளைகள் வெளியூரில்; விழுந்தால் தூக்கிவிட ஆள் வரும்வரை அப்படியே கிடக்க வேண்டும்.

ஆகவே ஃப்ராக்ஸை ஒதுக்க வேண்டாம், அதை மட்டும் நம்பவும் வேண்டாம். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரை கொடுக்க ஊழியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். ஓராண்டில் விழுந்தீர்களா, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளை அவர்கள் கையேட்டில் சேர்க்க அரசு உத்தரவிட வேண்டும். அதுவரை, ஊருக்கு வரும் பிள்ளைகள் பின்கட்டுக்கு ஒரு விளக்கும் கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடியும் போட்டுவிட்டுப் போங்கள்.