தலைப்பு வாரியாக வரிசைப்படுத்து: லூசீனோடு ஒரு மல்லுக்கட்டு

எலாஸ்டிக்சர்ச், சோலர் என்று வெளியே பெயர் எதுவானாலும் உள்ளே ஓடும் இன்ஜின் அப்பாச்சி லூசீன்தான். டக் கட்டிங் 1999-ல் ஜாவாவில் எழுதியது. 2001-ல் அப்பாச்சி குடையின் கீழ் வந்தது. இப்போது 10-ஆம் பதிப்பு வரிசை ஓடுகிறது. தேடிக் கண்டுபிடிப்பதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. கண்டுபிடித்ததை நாம் கேட்கும் வரிசையில் தரச் சொன்னால்தான் முரண்டு பிடிக்கும். அந்த ஒரு வசதியை மட்டும் ஒரு தமிழ் நூற்பட்டியலை வைத்துச் சோதித்தேன்.

வரிசை என்று எதுவும் கேட்காவிட்டால் பொருத்த மதிப்பெண்ணின்படி முடிவுகள் வரும். 6-ஆம் பதிப்பு முதல் இந்தக் கணக்கைப் போடுவது பிஎம்25 சூத்திரம். மதிப்பெண் சமமானால் இண்டெக்ஸில் சிறிய ஆவண எண் கொண்டது முந்தும். இதுவரை வம்பில்லை.

தலைப்பு வாரியாகக் கேட்டதும் எக்ஸப்ஷன் வந்து விழுந்தது: இந்த ஃபீல்டுக்கு டாக்வேல்யூஸ் இல்லையாம். நியாயம்தான். டெக்ஸ்ட்ஃபீல்டில் போட்ட தலைப்பைச் சொல் சொல்லாக உடைத்து, எந்தச் சொல் எந்தெந்த ஆவணத்தில் இருக்கிறது என்றுதான் லூசீன் எழுதி வைக்கிறது. வரிசைப்படுத்தத் தேவைப்படுவது நேர் எதிர்: இந்த ஆவணத்தின் மதிப்பு என்ன? பழைய பதிப்புகள் முதல் தேடலின்போது மொத்தத்தையும் தலைகீழாகத் திருப்பி நினைவகத்தில் குவித்துக்கொள்ளும். அதற்கு மாற்றாக, மதிப்பை ஆவண வாரியாகவே எழுதி வைக்க 4.0-ல் வந்தவை டாக்வேல்யூஸ். 5-லிருந்து அந்தத் தானியங்கித் திருப்பல் மையப் பகுதியில் கிடையாது. நல்ல முடிவு என்பேன். ராத்திரி சர்வர் மூச்சுத் திணறுவதைவிட, காலையிலேயே எக்ஸப்ஷன் வருவது மேல்.

சரி, டாக்வேல்யூஸை இப்போது சேர்த்துவிடலாமே என்றால், ஏற்கெனவே இருக்கும் இண்டெக்ஸில் அதே ஃபீல்டு பெயருக்கு 9-ஆம் பதிப்பிலிருந்து அனுமதி இல்லை. ஒரு ஃபீல்டு எல்லா ஆவணங்களிலும் ஒரே அமைப்பில் இருந்தாக வேண்டும். ‘தலைப்பு_வரிசை’ என்று புதுப் பெயர் கொடுக்கலாம். ஆனாலும் பழைய ஆவணங்களை மறுபடி ஏற்றாமல் தீராது.

எக்ஸப்ஷன் கொடுப்பதையாவது பிடித்துவிடலாம். வாய் திறக்காத பிழைகள்தான் ஆளைக் கொல்லும். வரிசை ஃபீல்டின் பெயரில் ஓர் எழுத்து மாறிப்போனால் லூசீன் ஒன்றும் சொல்லாது. அப்படியொரு ஃபீல்டே இல்லாததால் எல்லா ஆவணத்திலும் மதிப்பு காலி என்று எடுத்துக்கொண்டு, ஆவண எண் வரிசையிலேயே திருப்பித் தரும். பக்க எண்ணிக்கையைச் சரமாகப் போட்டால் 120-க்குப் பிறகுதான் 98 வரும். ஆண்டு இல்லாத நூல்களுக்குச் சுழியம் என்று வைத்துக்கொண்டு பட்டியலின் தலையில் உட்காரவைக்கும். ‘செட்மிஸ்ஸிங்வேல்யூ’வில் பெரிய எண் ஒன்றைக் கொடுத்தால் கடைசிக்குப் போய்விடும். இவற்றுக்கெல்லாம் எச்சரிக்கையாக லாகில் ஒரு வரி எழுதினால் குறைந்தா போய்விடும்?

இனிதான் நம் வீட்டுச் சிக்கல். டாக்வேல்யூஸ் எல்லாம் சரியாகப் போட்ட பிறகு எட்டுத் தலைப்புகள் இப்படி வந்தன: கனவு, கறி, கலம், கலை, கல், களம், கழுகு, கவிதை. அகராதியைப் புரட்டிய யாரும் இதை ஏற்க மாட்டார்கள். லூசீனுக்குத் தமிழ் தெரியாது; பைட்டுகளைத்தான் ஒப்பிடுகிறது. யூனிகோடில் ன-வுக்கு இடம் ந-வுக்கு அடுத்து. ற-வுக்கு ர-வுக்கு அடுத்து. வ-வோ ழ-வுக்கும் பின்னால். புள்ளிக்கான குறி உயிர்க்குறிகளுக்கெல்லாம் பிறகு வருவதால் ‘கல்’ போய் ‘கலை’க்குப் பின்னால் நிற்கிறது. ஆய்த எழுத்தோ அகரத்துக்கே முந்திக்கொள்ளும்.

மருந்து லூசீனோடு வரும் ஐசியூ (யூனிகோடு நூலகம்) பகுதியிலேயே இருக்கிறது. சாதாரண டாக்வேல்யூஸ் ஃபீல்டுக்குப் பதிலாக ஐசியூ கொலேஷன் ஃபீல்டைப் போட்டு, மொழிக் குறியீடாகத் தமிழைக் கொடுத்தால் போதும். அப்புறம் கல், கலம், கலை, கவிதை, கழுகு, களம், கறி, கனவு என்று நன்னூல் பிறழாமல் வருகிறது. கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டச்சு செய்த ‘கொ’வையும் ஒரே குறியாக வந்த ‘கொ’வையும் ஒன்றாகவே பார்க்கிறது. இதற்கான வேலை முழுக்க இண்டெக்ஸ் ஏற்றும்போதே முடிந்துவிடுகிறது. தேடும்போது வெறும் பைட் ஒப்பீடுதான்.

அதற்கு விலை உண்டு. உள்ளே சேமிக்கப்படுவது மனிதர் படிக்க முடியாத சாவி. திரையில் காட்டத் தலைப்பைத் தனியே வைத்துக்கொள்ள வேண்டும். ஐசியூ பதிப்பை மாற்றினால் பழைய சாவிகளும் புதியவையும் ஒத்துப்போகும் என்ற உத்தரவாதம் இல்லை. மொத்தத்தையும் மறுபடி ஏற்றுவதே பாதுகாப்பு. எலாஸ்டிக்சர்ச்சில் இதே வசதி தனி ப்ளக்இன்னாகத்தான் வருகிறது. அதைப் போட முடியாத கிளவுட் சேவையில் மாட்டிக்கொண்டால் தமிழ் வரிசை கிடைக்காது. தமிழ்த் தலைப்புகளோடு இறங்குகிறவர்கள் சந்தாவுக்குப் பணம் கட்டும் முன் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: அந்த ப்ளக்இன்னைப் போட முடியுமா?