உடையாமல் இருந்தால்தான் குமிழி

அம்பத்தூர் எஸ்டேட்டில் தெரிந்தவர் ஒருவரின் மோல்டிங் பட்டறை. மேசைமேல் ஒரு பெரிய ஜாடி நிறையக் கோலமாவு போல வெள்ளைத் தூள். கனமாக இருக்குமென்று பலம் கொடுத்துத் தூக்கினேன். காலி ஜாடியைத் தூக்கியதுபோலக் கை மேலே போய்விட்டது. அத்தனையும் கண்ணாடி! ஒவ்வொரு துகளும் உள்ளீடற்ற ஒரு குமிழி. பிளாஸ்டிக்கில் கலக்கும் ரகத்தின் சராசரி விட்டம் சுமார் 20 மைக்ரான்தான். தலைமுடி அதைவிடத் தடிமன்.

கண்ணாடி தண்ணீரைவிட இரண்டரை மடங்கு கனம். தண்ணீரை 1 என்று வைத்தால் இந்தக் குமிழிகளின் அடர்த்தி 0.125 முதல் 0.6 வரைதான். இவை தங்கள் பெருமையை முழுதாகக் காட்டும் இடம் ஆழ்கடல். பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் மூன்று பேர் அமர்ந்து 6,000 மீட்டர் ஆழம் போவதற்கென மத்ஸ்யா 6000 கலத்தை உருவாக்கிவருகிறது. அந்த ஆழத்தில் அழுத்தம் சுமார் 600 பார். சாதாரணக் காற்றடைத்த மிதவை நசுங்கிப்போகும். குமிழிகளை எபாக்ஸியில் குழைத்து இறுகவைத்த சின்டாக்டிக் ஃபோம்தான் அங்கே தாங்குகிறது. அந்த வேலைக்கு இதற்கு இணையான மாற்று அரிது.

கார் உதிரிபாகங்களின் கதை அவ்வளவு சுத்தமானதல்ல. கதவு டிரிம், டேஷ்போர்டு போன்றவற்றுக்கான பாலிபுரொப்பிலீன் (பிபி) பிளாஸ்டிக்கில் வழக்கமாக டால்க் கலப்பார்கள். 20 சதவீதம் டால்க் சேர்த்தால் அடர்த்தி ஏறக்குறைய 1.04. அதற்குப் பதில் 0.46 அடர்த்தியுள்ள குமிழியை 10 சதவீதம் சேர்த்தால் 0.82. அதாவது 100 கிலோ டால்க் கலவை நிரப்பும் அதே அச்சுகளை 79 கிலோ நிரப்பிவிடும். குமிழி உருண்டை என்பதால் பீஸ் எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்கும், கோணுவது குறையும். ஆறும் நேரமும் குறைவதால் ஒரு ஷிஃப்டில் கூடுதல் ஷாட் எடுக்கலாம்.

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் குமிழி முழுசாக இருக்கும் வரைதான். அதே 10 சதவீதமும் உடைந்துபோனால் அடர்த்தி 0.96. வெறும் பிபியே 0.9தான்! எடையைக் குறைக்கக் காசு கொடுத்து வாங்கிய சரக்கு எடையைக் கூட்டிவிடுகிறது. இந்த 0.46 ரகம் சுமார் 1,100 பார் வரை தாங்கும். ஆனால் அதை எட்டிவிடும் அழுத்தம் மோல்டிங் மெஷினிலேயே உண்டு. கலவை தயாரிக்கும்போதும், உருகிய பிளாஸ்டிக்கில் பாதி வழியில் சேர்க்காமல் தொடக்கத்திலேயே ஹாப்பரில் கொட்டினால், உருகாத குருணைக்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே சிக்கி நொறுங்கும்.

நம் பட்டறைகளின் வழக்கமே இதற்கு எதிராக நிற்கிறது என்பதுதான் என் முதல் கவலை. அச்சுக்குப் பிளாஸ்டிக் ஓடும் வழியில் உறைந்து மிஞ்சும் ரன்னரை இங்கே யாரும் தூக்கி எறிவதில்லை. கிரைண்டரில் போட்டு அரைத்து, புதுச் சரக்கோடு கலந்து மறுபடி ஓட்டுவார்கள். நல்ல சிக்கனம் அது. குமிழிச் சரக்கிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் இன்னும் கொஞ்சம் உடையும். முழுசாகவே இருந்தாலும் அடிதாங்கும் வலு குறையும் என்பதையும் மறைக்கக் கூடாது. பம்பரில் போடுமுன் பலமுறை யோசிக்க வேண்டும். டிரிம்மில் தாராளமாகப் போடலாம்.

அடுத்தது விலை. சரக்கைக் கிலோவில் வாங்குகிறோம், அச்சை நிரப்புவதோ கன அளவு. கிலோ விலையைக் கேட்டதும் பயந்து ஒதுக்குவது எவ்வளவு தவறோ, லிட்டர் கணக்குப் போடாமல் 'லைட் வெயிட்' என்ற சொல்லுக்காக வாங்குவதும் அவ்வளவு தவறு.

நிறமும் அளவுச் சீரும் அத்தனை முக்கியமில்லாத வேலைக்கு இன்னொரு குமிழி இருக்கிறது. நிலக்கரி எரியும்போது சாம்பலில் தானாக உருவாகும் செனோஸ்பியர். சாம்பல் குளத்து நீரில் நுரைபோல மிதக்கும். எண்ணூர்ப் பக்கம் செப்பாக்கத்தை ஒட்டிய சாம்பல் குளம் அந்த ஊருக்கு எவ்வளவு பெரிய துன்பம் என்று நாம் அறிவோம். செனோஸ்பியர் சாம்பலில் மிகச் சிறிய பங்குதான். அதை எடுத்துவிட்டால் குளம் வற்றிவிடாது. என்றாலும் புட்டி, தரைப்பூச்சு, இலகு சிமென்ட் போன்றவற்றுக்கு, தயாரித்த குமிழியைவிட இதுவே பொருத்தம் என்பேன். சாம்பல் நிறமும் சீரற்ற அளவும் அங்கே பெரிய குறையல்ல. ஒரு எச்சரிக்கை: சாம்பலில் குவார்ட்ஸ் கலந்திருக்கலாம். மூட்டை பிரிப்பவருக்கு நல்ல மாஸ்க் கட்டாயம் வேண்டும், கைக்குட்டை போதாது. தயாரித்த குமிழியில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் சிந்தினால் தண்ணீர்போல ஓடித் தரையை வழுக்க வைக்கும்.

அன்று அந்தப் பட்டறையில் இன்னொன்றும் பார்த்தேன். ஒரு பீஸை உடைத்துச் சிறு துண்டைச் சூளையில் 500 டிகிரியில் எரித்தார்கள். மிஞ்சிய வெள்ளைத் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கினார்கள். கொஞ்சம் மேலே நின்றது. நிறைய அடியில் படிந்தது. முழுக் குமிழி மிதக்கும், உடைந்தது மூழ்கும். திருமழிசையிலோ அம்பத்தூரிலோ இந்தச் சரக்கை ஓட்டுகிறவர்களே, சப்ளையர் தரும் சான்றிதழோடு நிற்காமல், மாதம் ஒருமுறையாவது உங்கள் மெஷினில் வந்த பீஸை எரித்துத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்.